மேட்டூரில் எத்தனை அடி?

பேப்பர் வந்து விழுந்ததும் அப்பா அதை எடுத்து நேராக உள்பக்கத்துக்குப் போவார். மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் மேட்டூர் அணை நிலவரம் இருக்கும். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. உரக்கடையில் வருஷப் பிறப்புக்குக் கொடுக்கும் பாக்கெட் டைரியில் நீர்மட்டத்தை மட்டும் குறித்துக்கொள்வார். அப்புறம்தான் காபி. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இப்படித்தான். அணை நிரம்பினால் 120 அடி. அந்த 120 என்ற எண் எங்கள் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும்.

இப்போது அதே டைரியில் அதே வரியில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன. அப்பாவின் பிரஷர், மேல் எண்ணும் கீழ் எண்ணும். அவை அங்கே எப்படி வந்தன என்பதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. கல்லணையில் பிரிகிற வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரியும். அதில் ஒன்று பாமணியாறு. அதிலிருந்து ஒரு வாய்க்கால், அந்த வாய்க்காலிலிருந்து ஒரு கிளை, அதன் கடைசியில் எங்களுடைய ஒன்பது மா. ஏறக்குறைய மூன்று ஏக்கர். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாளாகும். எங்கள் மடைக்கு வர பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம், வராமலும் போகலாம். நாற்று விட்டுவிட்டு, அது வயசு தாண்டுவதற்குள் தண்ணீர் எட்டுமா என்று ராத்திரி டார்ச் லைட்டோடு மதகுக்குப் போய்த் திரும்புகிற ஆளுக்குத்தான் அந்தக் காத்திருப்பின் கனம் தெரியும். அப்பா அதை டென்ஷன் என்றெல்லாம் சொன்னதில்லை. "நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி அடைச்சுக்கிட்டே இருக்கு" என்பார், அவ்வளவுதான்.

2016இல் குறுவைக்குத் தண்ணீர் இல்லை. சம்பாவுக்கென்று செப்டம்பர் 20ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள். அப்பா நேரடி விதைப்பு போட்டார். மிச்சத்தை நவம்பர் மழை பார்த்துக்கொள்ளும் என்று இருந்தார். அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யவில்லை. அதே நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் பணம் புரளாமல் நின்றது. அம்மாவின் சங்கிலி நகைக்கடனில் இருந்தது, வட்டிக்கான தேதி தாண்டிப்போனது. மார்கழியில் பயிர் வெடித்த மண்ணில் நின்றபடியே கருகியது. ஒருநாள் காலையில் அப்பா அந்த வயலில் மாடுகளை இறக்கிவிட்டார். தான் விதைத்த வயலில் தானே மாட்டை மேயவிட்டுவிட்டு வந்த மனிதர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. டைரியில் அந்த நாளுக்கு நீர்மட்டம் எழுதப்படவில்லை. பல வருஷ டைரிகளில் நான் பார்த்த ஒரே வெற்று வரி அது.

பொங்கல் கழிந்த வாரம், ராத்திரி ஒரு மணி இருக்கும். நெஞ்சு கரிக்கிறது என்றார். வாய்வு என்று நினைத்து அம்மா சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வியர்த்துக் கொட்டியது. பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் கதவைத் தட்டி எழுப்பினோம். ஈசிஜி எடுக்கவில்லை, வாய்வுக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஈரக்குலை நடுங்கும். இடது தோள் கனக்கிறது என்று அப்பா சொன்னபோதுதான் தம்பி வண்டி பிடித்தான். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது விடியவில்லை. மாரடைப்பு. பிழைத்தார்.

மூன்றாம் நாள் எக்கோ எடுத்த டாக்டர் கேட்டார்: "பெரியவரே, பிரஷர் எத்தனை வருஷமா இருக்கு?"

"எனக்கு பிரஷரெல்லாம் கிடையாதுங்க சார்."

இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. அதிகமான அழுத்தத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் ரத்தத்தைத் தள்ளித் தள்ளித்தான் அந்தத் தசை அப்படித் தடிக்கும், ஒரு ராத்திரியில் வராது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். நான் உயிரியல் ஆசிரியை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். என் அப்பாவின் கையில் ஒரு தடவைகூட பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் பருவத்தில், காய்ந்த பயிரைப் பார்த்த விவசாயி மாரடைப்பில் இறந்தார் என்று எங்கள் மாவட்டப் பக்கங்களில் மாற்றி மாற்றிச் செய்தி வந்தது. 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் அது குறித்து மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் அரசு தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தது. கூடவே ஒரு வாக்குவாதமும் ஓடிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் வறட்சிச் சாவா, இல்லை உடம்பு சரியில்லாமல் வந்த சாவா? எங்கள் டீக்கடை பெஞ்சிலும் இதே பேச்சுதான். "மனுசனுக்கு அறுபத்தஞ்சு வயசு, பீடி குடிக்கிறவரு, வர வேண்டியது வந்துச்சு" என்பார் ஒருவர். "பயிரு நல்லா இருந்திருந்தா வந்திருக்குமாடா?" என்பார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்த ராத்திரிகளில் இந்த இரண்டு குரலும் எனக்குள் மாறி மாறிக் கேட்டன. இரண்டில் ஒன்று சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்ததுதான்.

மனம் பதறினால் உடம்பில் என்ன நடக்கிறது என்பது பழைய சங்கதி. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ளும், சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கும், தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் எகிறும். வரப்பில் நல்ல பாம்பைக் கண்டால் ஒரே தாண்டாகத் தாண்டுகிறோமே, அதற்கான ஏற்பாடு இது. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். அடங்கிவிட வேண்டும்.

போகாத பாம்புகளும் இருக்கின்றன. நகைக்கடன் தேதி அப்படி ஒன்று. மேட்டூர் நீர்மட்டமும் அப்படித்தான். ஆபத்து கண்ணெதிரே நிற்காமல், மாதக்கணக்கில் மனதுக்குள்ளேயே குடியிருக்கிறபோது நரம்புகள் விழித்தே கிடக்கும். கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். இதில் நான் முன்பு சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருந்தது சிறுநீரகத்தின் பங்கு. பரிவு நரம்புகள் சிறுநீரகத்துக்கும் போகின்றன. அவை தூண்டப்பட்டால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளை விடும், அதன் தொடர்ச்சியாகக் குழாய்கள் சுருங்கும், உடம்பு உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். கவலை உப்பைப் பிடித்துவைக்கிறது என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது. கவலையில் இருக்கிறவர் சோறு இறங்காமல் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு பழையதைக் குடித்துவிட்டு எழுவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

அழுத்தம் நீண்ட நாள் கூடுதலாகவே இருந்தால் சின்ன ரத்தக் குழாய்களின் சுவர் அதைத் தாங்குவதற்காகத் தடிக்கும். சுவர் தடித்தால் உள்வழி குறுகும். வழி குறுகினால் அழுத்தம் இன்னும் கூடும். கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. கூடினால் குறைக்கச் சொல்லி மூளைக்குத் தகவல் அனுப்புவது அவற்றின் வேலை. நாள்பட்ட அழுத்தத்துக்கு அவையும் பழகிப்போய், கூடிய அளவையே சரியான அளவு என்று எடுத்துக்கொள்ளும். அணையின் அளவுகோலையே யாரோ தூக்கி வேறு உயரத்தில் நட்டுவிட்ட மாதிரி. அப்புறம் கவலை தீர்ந்து மனிதர் நிம்மதியாக இருந்தாலும் பிரஷர் பழைய இடத்துக்குத் திரும்ப மறுக்கும்.

இன்றைய பதற்றம் நாளைய பிரஷரைச் சொல்லுமா? இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நான்கு நகரங்களில் 1985, 86ஆம் ஆண்டுகளில் 18 வயதிலிருந்து 30 வயது வரையுள்ள ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு கார்டியா. அதில் பிரஷர் சரியாக இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று சோதனைகள் வைத்தார்கள். கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு இழுப்பது, ஒரு வீடியோ கேம் விளையாடுவது. அப்போது பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து வைத்துக்கொண்டு 13 வருஷம் காத்திருந்தார்கள். கேரன் மாத்யூஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட முடிவு: அந்தச் சின்னச் சோதனைகளில் யாருக்கு அதிகமாக ஏறியதோ அவர்களுக்கு ரத்தக் கொதிப்பு சீக்கிரமே வந்தது.

இதைப் படித்ததும் பெரிய சாவி கிடைத்துவிட்டது என்று குதித்துவிடக் கூடாது. லண்டன் அரசு ஊழியர்களை வைத்து நடந்த வைட்ஹால் ஆய்விலும் இதே தொடர்பைத் தேடினார்கள். அங்கே கிடைத்தது பலவீனமான தொடர்புதான். ஒருவருடைய வருங்கால பிரஷரை அதிகமாகச் சொல்வது அவருடைய இன்றைய பிரஷரே. ஆகவே மனப்பதற்றம் பல காரணங்களில் ஒன்று. உப்பு, வயது, எடை, குடும்ப வழி, மது, சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. எதையும் விட்டுவிட முடியாது.

எனக்கு இதில் ரொம்ப முக்கியமாகப் பட்டது இன்னொரு விஷயம். யோய்ச்சி சிடா, ஆண்ட்ரூ ஸ்டெப்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2010இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பதற்றத்தில் எவ்வளவு ஏறியது என்பதோடு, பதற்றம் முடிந்த பிறகு எவ்வளவு மெதுவாக இறங்கியது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். இறங்கத் தாமதமாவதும் பிற்கால இதய நலக் கேட்டோடு சேர்ந்தே வந்தது. ஏற்றத்தை எல்லோரும் பார்க்கிறோம். இறக்கத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

வகுப்பில் செய்து பார்த்தேன். ஜெர்மனியில் டிரையர் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவாக்கிய ஒரு பதற்றச் சோதனை இருக்கிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் பேச வேண்டும், அப்புறம் 1022இலிருந்து 13 13ஆகக் குறைத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. பிள்ளைகளை அவ்வளவு வதைக்க மனசு வரவில்லை. 100இலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னேன், வகுப்பு முன்னால் நின்று, விருப்பப்பட்டவர்கள் மட்டும். ஒருத்தி நாடி பிடிக்க, ஒருவன் கடிகாரம் பார்க்க. முதலில் வந்த பையனுக்கு நிமிஷத்துக்கு 78இலிருந்து 104. 93, 86, 79 என்று சொல்லி முடித்து உட்கார்ந்தான், இரண்டே நிமிஷத்தில் 80. அடுத்து வந்த பெண்ணுக்கும் ஏறக்குறைய அதே ஏற்றம்தான், 82இலிருந்து 108. ஆனால் உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகியும் 100க்குக் கீழே வரவில்லை. மணி அடித்த பிறகு கேட்டேன், "என்னம்மா, இன்னும் பயமா இருக்கா?" என்று. "இல்லை டீச்சர், 79க்கு அப்புறம் தப்பாச் சொல்லிட்டேனே, அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அவள் இதயத்துக்கு முடியவில்லை. அவளுடைய அப்பாவும் கடைமடை விவசாயிதான் என்பது எனக்குத் தெரியும். நடந்து முடிந்ததையும் நடக்கப் போவதையும் மனதில் ஓட்டிக்கொண்டே இருக்கிற பழக்கம் எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்தே ஊட்டப்படுகிறது.

சரி, அப்பாவின் இதயத்துக்கு வருகிறேன். அடைப்பு உள்ளவர்களின் இதயம் பதற்றத்தில் என்னவாகிறது என்பதை அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் 918 இதய நோயாளிகளிடம் பார்த்திருக்கிறார்கள். முடிவு 2021இல் வந்தது. எல்லோரையும் ஒரு கூட்டத்தின் முன் பேசச் சொல்லி, அந்த நேரத்தில் இதயத் தசைக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். 16 சதவீதம் பேருக்குப் பேசும்போதே இதயத்தின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைந்தது. அடுத்து வந்த வருஷங்களில் மாரடைப்போ இதயநோய்ச் சாவோ வரும் ஆபத்து அவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு இருந்தது. டிரெட்மில்லில் நன்றாக ஓடுகிற இதயம்கூட ஒரு வார்த்தையில் திணறலாம் என்பது இதிலிருந்து எனக்குப் புரிந்தது.

ஊரே ஒன்றாகப் பதறினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1994 ஜனவரி 17ஆம் தேதி அதிகாலையில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. அதற்கு முந்தைய வாரத்தில் அங்கே நாளுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் திடீர் இதயச் சாவு. அன்று ஒரே நாளில் 24. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் பகுதியில் இதய அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்கள் சாதாரண நாட்களைவிட 2.66 மடங்கு. பந்தாட்டத்துக்கே இப்படி என்றால் சோற்றுக்கு எப்படி இருக்கும்?

டீக்கடை பெஞ்சின் கேள்விக்கு என் பதில் இதுதான். என் அப்பா 30 வருஷம் பீடி குடித்தவர், பிரஷரைப் பார்க்காமலே இருந்தவர், இதயச் சுவர் தடித்துப்போனவர். அவருக்கு வந்த மாரடைப்பு வறட்சியால்தான் வந்தது என்று தனியாக எடுத்து என்னால் நிரூபிக்க முடியாது. எந்த ஒரு மனிதர் விஷயத்திலும் அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் "நோய்தான், வறட்சி இல்லை" என்று பிரித்துச் சொல்கிறவர்கள், வறட்சி உடம்புக்கு வெளியே வயலில் மட்டும் நடப்பதாக நினைக்கிறார்கள். அது என் அப்பாவின் ரத்தக் குழாய்ச் சுவரிலும் நடந்தது. குறுவைக்கு மேட்டூரைத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. எத்தனையோ வருஷத்து ஜூன் 12ஆம் தேதிகளின் காத்திருப்பு அங்கே படிந்திருந்தது. 2012 முதல் 2016 வரை ஐந்து வருஷமும் அந்தத் தேதியில் மேட்டூர் திறக்கவில்லை. கடைசியில் ஒரு ராத்திரியில் அது மார்பில் வந்து உட்கார்ந்தது. பீடியும் உண்மை, கருகிய சம்பாவும் உண்மை.

என்னுடைய முறையும் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் மேலே ஏறிப் போனது. ஓடு பறந்தது, அம்மாவும் அப்பாவும் நெல் குதிருக்குப் பின்னால் ஒண்டி உட்கார்ந்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் கொல்லையில் 22 தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தன. நாலு வாரம் கரண்ட் இல்லை. அப்பாவின் இதய மாத்திரைகளை நான் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் கழித்து, பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் எனக்கு 148/94. எனக்கு அப்போது 41 வயது. முகாமில் கூட்டம், சத்தம், நின்றபடியே காத்திருந்து வந்திருந்தேன், அதனால் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா விடவில்லை. "வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏறுகிறவர்களும் உண்டு, ஆஸ்பத்திரியில் சரியாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு. ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் பார்த்து எழுதிக்கொண்டு வாங்க" என்றார். முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால் தரையில் பதிய, கை இதய மட்டத்தில் மேஜை மேல் இருக்க, ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு அளக்க வேண்டும். அதற்கு அரை மணி முன்னால் காபி கூடாது. வீட்டு அளவில் சராசரி 135/85ஐத் தாண்டினால் கொதிப்பு என்று கொள்ள வேண்டும். எனக்கு 141/90 வந்தது. மாத்திரை தொடங்கினேன்.

அன்றைக்குத்தான், எனக்காக வாங்கிய மெஷினை அப்பாவுக்கும் கட்டினேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் மன அழுத்தம் என்கிறோம், ரத்த அழுத்தம் என்கிறோம். இங்கிலீஷிலும் ஹைப்பர்டென்ஷன் என்ற சொல்லுக்குள் டென்ஷன் இருக்கிறது. இந்த ஒற்றுமை எங்கள் ஊரில் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. "எனக்கு ஒரு கவலையும் இல்லையே, எனக்கு எப்படி பிரஷர் வரும்?" என்று மாத்திரையை மறுத்த சித்தப்பா ஒருவர் பக்கவாதத்தில் விழுந்தார். "மக கல்யாணம் முடிஞ்சிருச்சு டீச்சர், இனி எனக்கென்ன டென்ஷன்" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அந்தச் சொல்லில் இருக்கிற டென்ஷன் ரத்தக் குழாய்ச் சுவரின் விறைப்பு, மனதின் விறைப்பு இல்லை. மனம் அமைதியாக இருக்கிறவருக்கும் வரும். மனக்கவலையால் தொடங்கிய கொதிப்பு, கவலை தீர்ந்ததும் இறங்கிவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. இதற்கு மட்டும் நான் யாரோடும் நின்று சண்டை போடுவேன்.

அதே அளவுக்கு என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத இன்னொரு வார்த்தை "கவலைப்படாதீங்க". அறுவடை செய்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைத்துவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்விடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்தபடி சாக்குகள் மேலேயே நாலு ராத்திரி படுத்திருக்கிற மனிதரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? அவருக்கு இன்ன தேதி உங்கள் முறை என்று உறுதியாகச் சொல்லுங்கள், அதுதான் மருந்து. முறைப்பாசனத்தில் எங்கள் வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்பது பத்து நாள் முன்னால் தெரிந்தால், டார்ச் லைட்டோடு போகும் ராத்திரிகளில் பாதி மிச்சமாகும். பாசன அட்டவணையையும் கொள்முதல் வரிசையையும் நான் இப்போதெல்லாம் சுகாதாரத் துறைக் கணக்கிலும் சேர்த்தே பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். எங்கள் தெருவில் அதனால் முதல் தடவை தன் பிரஷரைத் தெரிந்துகொண்ட பெண்கள் பல பேர். ஆனால் பிரஷர் பார்க்கிற அம்மா வீட்டுக்கு வரும் நேரத்தில் ஆண்கள் வயலில் இருப்பார்கள். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் ஒரு மேஜை போட்டு உட்காரட்டும். பிரஷர் பார்க்க வேண்டியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள், அவசரமாகப் போக வேண்டிய வேலையும் அவர்களுக்கு அப்போது இருக்காது.

அப்பா முதலில் மெஷினை ஒப்புக்கொள்ளவே இல்லை. "நம்பரப் பாத்தாத்தான் பாப்பா பயம் வரும்" என்றார். "மேட்டூர் நம்பரப் பாக்காம ஒரு நாளாச்சும் இருந்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் டைரியில் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தார்.

பீடி அந்த ஆஸ்பத்திரி வாசலோடு நின்றது. அம்மாவின் நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆனது. இதில் அம்மாவுக்குத்தான் வருத்தம் அதிகம். தினமும் மாலையில் பாமணியாற்றங்கரையில் நடக்கிறார். மாத்திரைகளில் ஒன்று மெட்டோபுரோலால். அட்ரினலின் வந்து இதயத்தில் தட்டும் கதவைச் சாத்திவைப்பது அதன் வேலை என்று சொன்னேன், அன்றிலிருந்து அதை "கதவு மாத்திரை" என்கிறார்.

2023ஆம் வருஷ டைரியை எடுத்துப் பார்த்தேன். ஜூன் 12ஆம் தேதி தவறாமல் அணை திறந்தார்கள், ஆனால் கர்நாடகத்திலிருந்து தண்ணீர் சரியாக வராமல் கடைமடைக் குறுவை தவித்தது. ஆகஸ்ட் மாதம் பூராவும் ஒவ்வொரு நாளும் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. பக்கத்துப் பத்தியில் எண்கள் மேலே போகின்றன. மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை, நானே எண்ணினேன். ஒரு நாள் மாலை 168/96. மேல்மடைக்காரரோடு மதகில் வாய்த்தகராறு நடந்த நாள். மறுநாள் காலை 156. அதற்கு மறுநாள் 150. நாலாம் நாள்தான் 140க்குக் கீழே வந்தது. தகராறு பத்து நிமிஷம் நடந்திருக்கும். இறங்க நாலு நாள். ஒரு மனிதரின் டைரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். ஆனாலும் அந்த நாலு வரிகளை நான் பல தடவை படித்தேன். வகுப்பில் 79க்கு அப்புறம் தப்பாகச் சொன்ன பெண்ணின் முகம் ஞாபகம் வந்தது.

அந்தத் தகராறுக்கு அப்புறம் ராத்திரி மதகுக்குத் தம்பிதான் போகிறான். அப்பா சும்மா இருக்கமாட்டார் என்று தெரியும், அதனால் தம்பி திரும்பி வந்ததும் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பான். சொன்னால் தூங்கிவிடுகிறார். சொல்லாத ராத்திரிகளில்தான் புரண்டுகொண்டே இருப்பார் என்று அம்மா சொன்னாள்.

2024இல் ஜூன் 12 சும்மா கடந்துபோனது. ஜூலை கடைசியில் கர்நாடகத்தில் மழை பிடித்து, வெள்ளம் வந்து, 28ஆம் தேதி திறந்தார்கள். இரண்டே நாளில் அணை நிரம்பியது. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், போன் வந்தது.

"பாப்பா, மேட்டூர் 120."

"பார்த்தேன்ப்பா. உங்களுக்கு எவ்வளவு?"

"128, 78." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "உனக்கு?"

பள்ளியில் தேர்வு வேலை, வீட்டில் விருந்தாளிகள். மூன்று வாரமாக நான் மெஷினைத் தொடவில்லை. "இன்னும் பார்க்கலப்பா" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லு. டைரிய விரிச்சு வச்சுருக்கேன்."